எட்டு ஆண்டுக் காதலை அளக்க முடியுமா?

கொடிமலைக்குப் போயிருப்பீர்கள். 1923ஆம் ஆண்டு முதல் ஓடும் மலை ரயிலில் ஏறி உச்சியில் இறங்கினால், ஓரிடத்தில் கம்பிகளை மறைத்துக்கொண்டு வண்ண வண்ணப் பூட்டுகள் தொங்குவதைக் காணலாம். காதலர்கள் தங்கள் பெயர்களை எழுதிப் பூட்டிவிட்டுப் போன பூட்டுகள் அவை. புதிய பூட்டுகள் பளபளக்கும். பழையவை மழையிலும் ஈரக் காற்றிலும் துருப்பிடித்திருக்கும். இரும்பும் ஆக்சிஜனும் நீரும் சேர்ந்தால் துரு உண்டாகும் என்று வேதியியல் பாடத்தில் படித்திருக்கிறீர்கள்.

காதலும் அப்படித்தான் காலப்போக்கில் துருப்பிடிக்குமா?

ஓர் அண்ணனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை. படிவம் ஆறில் படித்தபோது பழகிய பெண்ணையே எட்டு ஆண்டுகளாகக் காதலிக்கிறார். இருவரும் வீடு வாங்கப் பணம் சேர்க்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒன்றாகச் செண்டோல் குடிப்பார்கள், கடற்கரையில் நடப்பார்கள். அவளிடமிருந்து அழைப்பு வந்தால் அவர் முகம் இன்றும் மலர்கிறது. வீட்டுக்கு வந்த அத்தை சிரிக்கிறார்: "எட்டு வருசமா? இன்னும் என்ன காதல்? பழகிப்போச்சு, அவ்வளவுதான்." அண்ணனோ, "இல்லை அத்தை, இப்போதுதான் கூடுதலாகப் பிடிக்கிறது" என்கிறார்.

யார் சொல்வது சரி? இதை அறிவியல் முறையில் விசாரிக்க முடியுமா? முடியும். இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

முதலில் கேள்வியைப் பிரிப்போம்

'காதல்' என்ற ஒரே சொல்லுக்குள் பல பொருள்கள் இருக்கின்றன. ஆய்வாளர்கள் அவற்றில் இரண்டைத் தனியே பிரிக்கிறார்கள். ஒன்று ஈர்ப்பு. ஒருவரைப் பற்றியே எண்ணிக்கொண்டிருப்பது, அவரைக் கண்டதும் நெஞ்சு படபடப்பது, தூக்கம் வராமல் தவிப்பது எல்லாம் இதில் அடங்கும். மற்றொன்று பிணைப்பு. அவர் அருகில் இருந்தால் அமைதி, துன்பம் வந்தால் அவரிடம் போகத் தோன்றுவது, அவர் நலனைத் தன் நலனாக நினைப்பது ஆகியவை இதன் அடையாளங்கள்.

உணர்வை அளக்க அடிக்கோல் கிடையாது. ஆனால் வினாப்பட்டியல் உண்டு. 1986ஆம் ஆண்டில் எலைன் ஹாட்ஃபீல்ட், சூசன் ஸ்பிரெச்சர் என்ற இரு ஆய்வாளர்கள் 30 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். ஒவ்வொரு கூற்றும் தனக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று எண்ணால் மதிப்பிட வேண்டும். இப்படி உணர்வு எண்ணாக மாறினால்தான் ஒருவரை இன்னொருவரோடும், இன்றைய நிலையை நாளைய நிலையோடும் ஒப்பிட முடியும்.

ஆனால் மனிதன் சொல்வது எல்லாம் உண்மையாக இருக்க வேண்டியதில்லை. தன்னையே ஏமாற்றிக்கொண்டும் சொல்லலாம். ஆகவே ஆய்வாளர்கள் இரண்டு வேறு வழிகளிலும் தேடினார்கள். ஒன்று, மற்ற விலங்குகளைப் பார்ப்பது. மற்றொன்று, மூளைக்குள்ளேயே பார்ப்பது.

கதவை அடைத்துக்கொள்ளும் பறவை

முதல் வழிக்கு நாம் தூரமாகப் போக வேண்டியதில்லை. தண்ணீர்மலைக்கு அருகிலுள்ள தாவரவியல் பூங்காவிலோ கொடிமலைக் காட்டிலோ அண்ணாந்து பாருங்கள். கறுப்பு உடல், வெள்ளை வயிறு, பெரிய மஞ்சள் அலகு, அலகின்மேல் கொண்டை போன்ற மேடு. இதுதான் கறுப்பு வெள்ளை இருவாட்சி. மலாயில் இதை 'எங்காங் கெலிங்கிங்' என்பார்கள். பெரும்பாலும் ஒன்றைக் கண்டால் சற்றுத் தள்ளி இன்னொன்றையும் காண்பீர்கள்.

முட்டையிடும் காலம் வந்ததும் பெண் பறவை ஒரு மரப்பொந்துக்குள் நுழைகிறது. மண், எச்சம், பழச்சக்கை ஆகியவற்றைக் குழைத்து வாயிலை அடைக்கிறது. ஓர் அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவை மட்டும் விட்டுவைக்கிறது. பாம்பும் மற்ற எதிரிகளும் உள்ளே வர முடியாது. அதேபோல் அவளாலும் வெளியே போக முடியாது. ஏறத்தாழ மூன்று மாதங்கள் இந்தச் சிறைவாசம். அத்தனை நாளும் அவளுக்கும் பிறகு குஞ்சுகளுக்கும் உணவு கொண்டுவருவது ஆண் பறவைதான். அத்திப்பழங்களை விழுங்கி வந்து, பொந்தின் வாயிலில் ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்து ஊட்டுகிறது. இடையிடையே பூச்சியும் ஓணானும் கொண்டுவரும்.

தமிழ்நாட்டின் ஆனைமலையில் வாழும் பெரிய இருவாட்சியை 1990களில் ஆராய்ந்த இரகுபதி கண்ணன் போன்றவர்களும் இதே ஒழுங்கைப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த இனத்தில் பெண் பறவை உள்ளே இருக்கும் காலம் இன்னும் நீளம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஆண் பறவை திரும்பி வராவிட்டால் உள்ளே இருக்கும் உயிர்கள் என்ன ஆகும்? அவள் தன் உயிரையே அவன் வருகையின்மேல் வைத்திருக்கிறாள். அவனுக்கும் இது எளிதான வேலை இல்லை. தன் உணவையும் தேடி, குடும்பத்துக்கும் தேட வேண்டும். இத்தனை பாடுபடும்போது அந்தக் குஞ்சுகள் உண்மையில் அவனுடையவையா? நமீபியாவில் வாழும் ஓர் இருவாட்சி இனத்தில் இதை மரபணுச் சோதனை மூலம் சோதித்தார்கள். 2002இல் வெளியான அந்த ஆய்வில், குஞ்சுகள் எல்லாம் உணவு ஊட்டிய ஆண் பறவைக்கே பிறந்தவை என்று தெரிந்தது. பறவைகளில் இது அரிது. ஏறக்குறைய 90 விழுக்காட்டுப் பறவை இனங்கள் இணையாக வாழ்ந்தாலும், பல இனங்களின் கூடுகளில் வேறு தந்தையின் குஞ்சுகளும் இருப்பதுண்டு.

பாலூட்டிகளில் நிலைமை வேறு. இணையாக வாழும் இனங்கள் சுமார் 9 விழுக்காடுதான் என்று 2013இல் ஒரு பெரிய ஒப்பீட்டு ஆய்வு கணக்கிட்டது. கொடிமலையில் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு உங்களை உற்றுப் பார்க்கும் கறுப்பு லொத்தோங் குரங்குகூட இணையாக வாழ்வதில்லை, கூட்டமாகத்தான் வாழ்கிறது. நாமும் பாலூட்டிகள்தாம். ஆகவே நீண்ட காலம் ஒருவரோடு இணைந்திருப்பது பாலூட்டிகளுக்குச் சாதாரணமான செயல் இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இருவாட்சி 'காதலிக்கிறது' என்று நாம் எழுதக்கூடாது. அது என்ன உணர்கிறது என்று அதனிடம் கேட்க முடியாது. இணை பிரியாமல் வாழ்கிறது, ஊட்டுகிறது, காவல் காக்கிறது என்று கண்டதை மட்டும் எழுதலாம்.

இரண்டு எலிகள் சொன்ன கதை

பிணைப்பு உடலுக்குள் எப்படி நடக்கிறது? இதற்கு விடை தேட உதவியது, அமெரிக்கப் புல்வெளியில் வாழும் பிரெய்ரி வோல் என்ற எலி போன்ற சிறு விலங்கு. ஆணும் பெண்ணும் ஒருமுறை இணைந்தால், ஒரே வளையில் வாழ்ந்து, சேர்ந்தே குட்டிகளை வளர்க்கும். அதன் நெருங்கிய உறவான மேடோ வோல் அப்படி இல்லை. இணைந்த பிறகு தனித்தனி வழி. தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் இரண்டு விலங்குகளின் வாழ்க்கை முறை இவ்வளவு மாறுபட்டால், வேறுபாடு எங்கே இருக்கிறது என்று தேடுவது எளிது.

வேறுபாடு மூளையில் இருந்தது. ஆக்சிடோசின், வாசோபிரெசின் என்ற இரண்டு ஹார்மோன்கள் இரண்டு விலங்குகளிலும் உண்டு. நம்மிடமும் உண்டு. ஒவ்வொன்றும் 9 அமினோ அமிலங்களால் ஆன சிறு சங்கிலி. ஹைப்போதலாமஸ் பகுதியில் உருவாகி, பிட்யூட்டரி சுரப்பி வழியாக இரத்தத்தில் கலப்பவை. பிரசவத்தின்போது கருப்பையைச் சுருங்கச் செய்வதும், தாய்ப்பாலைச் சுரந்து வெளிவரச் செய்வதும் ஆக்சிடோசினின் வேலைகள். அதைச் செயற்கையாகத் தயாரித்த வின்சென்ட் டு விக்னோ 1955இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்.

ஹார்மோன் ஒரு சாவி என்றால், அதை ஏற்கும் ஏற்பி ஒரு பூட்டு. இரண்டு வோல்களிலும் சாவி ஒன்றுதான். பூட்டுகள் அமைந்திருக்கும் இடங்கள் வேறு. பிரெய்ரி வோலில், இன்பத்தையும் விருப்பத்தையும் கவனிக்கும் மூளைப் பகுதிகளில் இந்த ஏற்பிகள் செறிவாக இருந்தன. அந்தப் பகுதிகளில் டோபமின் என்ற வேதிப்பொருளும் வேலை செய்கிறது. 2004இல் ஆய்வாளர்கள் வாசோபிரெசின் ஏற்பிக்கான மரபணுவை ஆண் மேடோ வோலின் மூளையின் முன்பகுதியில் செலுத்தினார்கள். தனித்தனி வழியே போகும் அந்த விலங்கு, பழகிய துணையின் அருகில் இருப்பதைக் கூடுதலாக விரும்பத் தொடங்கியது.

'அப்படியானால் ஆக்சிடோசின்தான் காதல் ஹார்மோன்' என்று செய்திகள் பரவின. அறிவியல் அங்கே நிற்கவில்லை. 2023இல் வெளியான ஓர் ஆய்வில், ஆக்சிடோசின் ஏற்பியே இல்லாத பிரெய்ரி வோல்களை மரபணுத் திருத்தம் மூலம் உருவாக்கினார்கள். அவை இணை சேராது என்பதுதான் எதிர்பார்ப்பு. ஆனால் அவையும் இணை சேர்ந்தன, குட்டிகளையும் வளர்த்தன.

இதிலிருந்து என்ன கற்கிறோம்? பிணைப்பு ஒற்றைச் சாவியில் இயங்குவதில்லை. பல வழிகள் சேர்ந்து அதைத் தாங்குகின்றன. யாராவது ஒரு வேதிப்பொருளின் பெயரைச் சொல்லி 'காதல் என்றால் இவ்வளவுதான்' என்றால், இந்த 2023 ஆய்வை அவருக்கு நினைவூட்டுங்கள்.

மூளையைப் படம் பிடித்தபோது

இனி அண்ணனிடம் வருவோம். எஃப்.எம்.ஆர்.ஐ. என்ற கருவி மூளை வேலை செய்யும்போதே படம் பிடிக்கும். அதன் அடிப்படை நீங்கள் படித்த உயிரியல்தான். வேலை செய்யும் மூளைப் பகுதிக்கு ஆக்சிஜன் நிறைந்த இரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. ஆக்சிஜன் ஏற்ற ஹீமோகுளோபினும், ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபினும் காந்தப் புலத்தில் வெவ்வேறு விதமாக நடந்துகொள்கின்றன. அந்த வேறுபாட்டைக் கருவி கண்டுபிடிக்கிறது.

2005இல் ஹெலன் ஃபிஷர், ஆர்தர் ஆரோன், லூசி பிரவுன் ஆகியோரின் குழு, அண்மையில் காதலில் விழுந்த 17 பேரை இந்தக் கருவிக்குள் படுக்கவைத்தது. சராசரியாக அவர்கள் காதலிக்கத் தொடங்கி ஏழு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. காதலரின் படத்தைப் பார்த்தபோது, மூளையின் ஆழத்தில் டோபமினைத் தயாரிக்கும் வி.டி.ஏ. என்ற பகுதி கூடுதலாக வேலை செய்தது. தாகத்தில் தண்ணீரை நோக்கி நம்மை ஓடவைக்கும் அமைப்பைச் சேர்ந்த பகுதி அது.

பிறகு பியாங்கா அசெவெடோ, ஆரோன் ஆகியோரின் குழு வேறொரு 17 பேரைத் தேடியது. இவர்கள் திருமணமாகிச் சராசரியாக 21 ஆண்டுகள் ஆனவர்கள். 'இன்றும் துணையை ஆழமாகக் காதலிக்கிறேன்' என்று சொன்னவர்கள். அத்தை சொல்வது சரியென்றால், துணையின் படத்தைப் பார்க்கும்போது பழக்கமான நண்பரைப் பார்ப்பது போலத்தான் மூளை நடந்துகொள்ள வேண்டும். 2011இல் முடிவு வெளியானது. அதே வி.டி.ஏ. இவர்களிடமும் சுறுசுறுப்பாக இயங்கியது. கூடவே, பிணைப்போடு தொடர்புடைய பகுதிகளும் இயங்கின. புதிய காதலில் இருக்கும் பதற்றமும் 'என்னை விட்டுப் போய்விடுவாரோ' என்ற ஏக்கமும் இவர்களிடம் அடங்கியிருந்தன.

ஆகவே அண்ணன் சொல்வது வெறும் பேச்சு இல்லை. அத்தகைய காதல் இருக்க முடியும் என்பதற்குச் சான்று உண்டு. ஆனால் கவனியுங்கள். பங்கேற்றோர் 17 பேர் மட்டுமே. அதுவும் 'இன்னும் காதலிக்கிறேன்' என்று சொன்னவர்களைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். எல்லோருக்கும் இப்படி நிகழும் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. நிகழக்கூடும் என்று மட்டுமே சொல்கிறது. 'கூடும்', 'ஆகும்' என்ற இரண்டு சொற்களையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பதே அறிவியல் படிப்பின் பாதி.

கையைப் பிடித்தால்

இன்னொரு சோதனை. 2006இல் ஜேம்ஸ் கோன் என்ற உளவியலாளரின் குழு, திருமணமான 16 பெண்களைக் கருவிக்குள் படுக்கவைத்து, கணுக்காலில் சிறு மின்னதிர்ச்சி வரக்கூடும் என்று எச்சரித்தது. சில முறை அவர்கள் கணவரின் கையைப் பிடித்திருந்தார்கள், சில முறை அறிமுகமில்லாத ஒருவரின் கையை, சில முறை யார் கையையும் பிடிக்கவில்லை. கணவரின் கையைப் பிடித்திருந்தபோது, ஆபத்துக்கு எதிர்வினை காட்டும் மூளைப் பகுதிகள் மிகவும் அமைதியாக இருந்தன. இல்லறம் எவ்வளவு நன்றாக இருந்ததோ, அந்த அளவுக்கு அமைதியும் கூடியது.

மருத்துவமனையில் ஊசி போடும்போது அம்மாவின் கையைத் தேடியது நினைவிருக்கிறதா? அதே கணக்குதான். நல்ல பிணைப்பு ஆபத்தை நீக்குவதில்லை. அதைத் தாங்கும் செலவைக் குறைக்கிறது.

துருப்பிடிக்காமல் காப்பது எப்படி?

இரும்புக்குச் சாயம் பூசுகிறோம், துத்தநாகம் பூசுகிறோம். நீண்ட காலக் காதலுக்கு?

ஒரு விடை புதுமை. 2000இல் ஆரோன் குழு வெளியிட்ட ஆய்வில், சில இணையர்களின் கையையும் காலையும் சேர்த்துக் கட்டி, தரையில் தவழ்ந்தபடி, கையையும் பல்லையும் பயன்படுத்தாமல் ஒரு தலையணையைத் தடுப்புக்கு மேலே கொண்டுபோகச் சொன்னார்கள். ஒரே சிரிப்பு. மற்ற இணையர்களுக்கு மெதுவான, சலிப்பான ஒரு வேலை கொடுத்தார்கள். இவர்கள் ஒப்பீட்டுக் குழு. முன்னும் பின்னும் வினாப்பட்டியலை நிரப்பியபோது, புதுமையான வேலையைச் செய்தவர்களே தங்கள் உறவைக் கூடுதலாக மதிப்பிட்டார்கள். ஆகவே அண்ணன் எல்லா ஞாயிறும் செண்டோல் கடைக்கே போகாமல், ஒருநாள் தாவரவியல் பூங்காவிலிருந்து கொடிமலைக்கு நடந்தே ஏறிப் பார்க்கலாம்.

மற்றொரு விடை நல்ல செய்தி. துன்பத்தில் துணை நிற்பதே அன்பின் அடையாளம் என்று நாம் சொல்வோம். ஷெல்லி கேபிள் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. 'எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது' என்று ஒருவர் சொல்லும்போது மற்றவர் எப்படிப் பதில் தருகிறார் என்பதும் உறவின் நலத்தோடு சேர்ந்தே போகிறது. 'அப்படியா, நல்லது' என்று கைப்பேசியிலிருந்து தலை தூக்காமல் சொல்வது ஒன்று. 'எப்படிச் சொன்னார்கள்? நீ என்ன சொன்னாய்?' என்று ஆர்வத்தோடு கேட்பது வேறொன்று. இது நண்பர்களுக்கும் உடன்பிறப்புகளுக்கும் பொருந்தும். இன்றே செய்து பார்க்கலாம்.

உங்கள் வயதுக்கு ஒரு சொல்

நெஞ்சு படபடப்பது பிணைப்புக்கான சான்று இல்லை. அது தொடக்கத்தின் அடையாளம் மட்டுமே. முடிவுகளைச் சீர்தூக்கிப் பார்க்கும் மூளையின் முன்பகுதி இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அவசரப்பட வேண்டியதில்லை. அண்ணனின் எட்டு ஆண்டும் ஒவ்வொரு நாளாகத்தான் சேர்ந்தது. இன்னொன்றும் முக்கியம். ஒருவர் அருகில் இருக்கும்போது உங்களுக்கு அச்சம் கூடுகிறதா, கைப்பேசியைக் காட்டச் சொல்கிறாரா, நண்பர்களைப் பார்க்கக்கூடாது என்கிறாரா? அதற்குக் காதல் என்று பெயர் வைக்காதீர்கள். நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள்.

செய்து பாருங்கள்

1. பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு தாவரவியல் பூங்காவுக்குப் போங்கள். இருவாட்சி இணை ஒன்றைக் கண்டால் 20 நிமிடம் தூரத்திலிருந்து கவனியுங்கள். யார் முதலில் பறக்கிறது? மற்றது எத்தனை விநாடி கழித்துத் தொடர்கிறது? உணவு கை மாறுகிறதா? கண்டதை மட்டும் குறிப்பேட்டில் எழுதுங்கள், கருதியதை எழுத வேண்டாம்.

2. நெடுங்காலம் சேர்ந்து வாழும் தாத்தா பாட்டி யாரிடமாவது, 'இருவரும் சேர்ந்து முதன்முதலாகச் செய்த ஒரு புதிய காரியம் என்ன?' என்று கேளுங்கள். விடையைவிட, சொல்லும்போது அவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கும் விதத்தைக் கவனியுங்கள்.

3. 17 பேரிடம் நடத்திய ஆய்வை 1,700 பேரிடம் நடத்தினால் என்ன புதிதாகத் தெரிய வரும்? யாரையெல்லாம் சேர்ப்பீர்கள்? ஆசிரியரோடு விவாதியுங்கள்.

அடுத்த முறை கொடிமலைக்குப் போகும்போது அந்தப் பூட்டுகளை மறுபடியும் பாருங்கள். பூட்டியவர்கள் சாவியோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள், பூட்டு மட்டும் அங்கே மழையில் நனைந்துகொண்டிருக்கிறது. பிறகு தலையைச் சற்று உயர்த்தி மரக்கிளைகளைத் தேடுங்கள். அங்கே ஓர் ஆண் இருவாட்சி, தொண்டை நிறைய அத்திப்பழத்தோடு, இன்று எத்தனையாவது முறையோ அதே பொந்துக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருக்கலாம்.